பள்ளி ஆடுகளமும் தமிழ் வழக்கும்: யாழ்ப்பாணத்துப் பெருஞ்சமர் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மதுரை நகரின் மேற்குப் பகுதியில், தேனி நெடுவழியில் அமைந்துள்ள காளவாசல் என்னும் நாற்சந்தியில் நின்று நோக்குவார்க்கு இரு கல்வி நிலையங்களின் திசைகள் புலப்படும். மேற்கே செல்லும் வழி, நாகமலையை அடுத்து 1966-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக் கழகத்தைச் சென்று சேரும். தெற்கே செல்லும் வழி, பழங்காநத்தத்தைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே கல்விக்குப் பெயர்பெற்ற பசுமலையை அடையும். காளவாய் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குப் பெயர். காளவாசல் என்னும் ஊர்ப்பெயரை அச்சொல்லோடு பொருத்திக் காண்பது இயல்பேயாகும். சூளை ஊருக்குப் புறத்தே அமைவது. அதற்கு வெட்டவெளி வேண்டும். ஆடுகளத்தோடு கூடிய உயர்நிலைப் பள்ளிக்கும் அவ்வாறே வெட்டவெளி வேண்டும். ஆதலின் புறநகர் என்னும் நிலப்பகுதிக்கும் பள்ளி விளையாட்டு மரபுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இப்பள்ளி விளையாட்டு மரபு தமிழர்க்கு உரியதா, அன்றி முற்றும் அயலாரிடமிருந்து பெற்றதா என்பது இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. இதனை அயலது என ஒதுக்குவாரும் உளர். சங்க காலத்து மற்போரின் வழித்தோன்றல் எனப் போற்றுவாரும் உளர். இரு கொள்கையும் சான்றுகளோடு முழுதும் ஒத்து வாராமையை ஈண்டுக் காட்ட முயல்கின்றோம். ஆய்வுக்கு உரிய களமாக யாழ்ப்பாணத்துப் பள்ளிகளைக் கொள்கின்றோம். மதுரையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தை எடுத்தமைக்குக் காரணம் அடுத்த பகுதியால் விளங்கும்.

2. மதுரையும் யாழ்ப்பாணமும்

அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1816-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய குருமடம், சமயத்தோடு கணிதமும் வானநூலும் தமிழும் கற்பித்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் அங்குப் பயின்றவரே. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக் காத்த பெருமை முன்னவர்க்கு உண்டு என்பதைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர்.

இவ் யாழ்ப்பாணத் திருச்சபையே மதுரைப் பணிக்குத் தாயாயிற்று. 1834-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீவை சுபால்டிங் என்பார் மதுரைக்கு வந்து நிலைமையை நேரில் கண்டு சென்றார். அவ்வாண்டிலேயே டாட், ஆயிசிங்டன் என்னும் இருவர் யாழ்ப்பாணத்து உதவியாளர் சிலருடன் வந்து மதுரையில் தங்கினர். வட்டுக்கோட்டைக் குருமடத்தின் தலைவராக இருந்த டேனியல் பூர் பின்னர் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளிகள் பலவற்றை ஏற்படுத்தினார். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கப்பெற்ற குருமடம் 1845-இல் பசுமலைக்கு மாறிற்று. 1881-இல் அங்குக் கல்லூரி வகுப்புகள் தோன்றின. 1904-இல் கல்லூரி மதுரை நகருக்குள் சென்று இன்றைய அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. உயர்நிலைப் பள்ளி பசுமலையிலேயே நின்றது. நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் தம் இறுதிக்காலம்வரை வாழ்ந்த ஊரும் அதுவே.

இங்ஙனம் ஒரே மரத்தின் இரு கிளைகளாக அமைந்த கல்வி மரபில், ஆடுகளத்தின் வரலாறு மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது கடலுக்கு அப்பாலுள்ள கிளையிலேயாம். ஆகவே அதனை முதற்கண் நோக்குதல் தகும்.

3. பழைய களங்கள்

விளையாட்டு என்னும் பொருளில் வழங்கிய கெடவரல், பண்ணை என்னும் சொற்களைத் தொல்காப்பிய உரியியல் எடுத்தோதுகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றுள் பாடியுள்ளார். பட்டினப்பாலை, புகாரின் நெய்தல் நிலத்து இளைஞர் தம்முள் மாறுபட்டுப் பொருத களரியைக் காட்டுகின்றது. ஏறுதழுவுதல் முல்லைக்கலியுள் விரிவாகக் கூறப்பெறுகின்றது. திருவள்ளுவர் கல்லாமையைப் பழிக்குமிடத்து, அரங்கம் வகுத்துக்கொள்ளாது வட்டாடுதலை உவமையாக்குகின்றார். வரையறுத்த களமும் விதியும் இன்றி ஆட்டம் இல்லை என்னும் கருத்து அக்காலத்தே தெளிவாக இருந்தமை இதனால் பெறப்படும்.

ஆயின் இவற்றுள் யாதும் பள்ளியோடு சார்த்திக் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. பிற்காலத்துத் திண்ணைப் பள்ளியிலும் நிலைமை இதுவே. அங்கு எழுத்தும் எண்ணும் நிகண்டும் நீதிநூலும் பயிற்றினர்; விளையாட்டு பாடத்துள் இடம்பெறவில்லை. சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் சிலம்பமும் மதுரைப் பக்கத்தில் தெருவிலும் கண்மாய்க் கரையிலும் திருவிழாவிலும் நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டும், சித்திரைப் புத்தாண்டில் போர்த்தேங்காய் அடித்தலும் அவ்வாறே ஊரவர்க்கு உரியனவாக விளங்கின. ஆசிரியர்க்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. எனவே விளையாட்டு தமிழர்க்குப் பழமையானதே. விளையாட்டைக் கல்வியின் உறுப்பாகக் கொண்ட பள்ளி புதியது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கொள்ளாமையே முற்கூறிய இரு கொள்கைகளின் குறை என்க.

4. ஆங்கில முறைப் பள்ளியும் ஆடுகளமும்

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், உயர்குடிப் பள்ளிகள் குழு விளையாட்டை ஒழுக்கப் பயிற்சியாகக் கருதத் தலைப்பட்டன. ஈட்டன், ஆரோ என்னும் இரு பள்ளிகள் 1805-ஆம் ஆண்டிலேயே தம்முள் துடுப்பாட்டம் ஆடின. அவ்வழக்கம் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் சென்றது. கொழும்பில் இராயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் 1879-இல் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடின. 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடினர்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒப்பாக எழுந்தது, மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-ஆம் ஆண்டில் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி. முன்னது வெசுலியன் சபையாரால் நிறுவப்பெற்று, 1834-இல் பேர்சிவல் பாதிரியார் பொறுப்பில் மத்திய பாடசாலை என்னும் பெயர் பெற்றது. கோட்டைக்கு அணித்தாக நகரின் நடுவில் உள்ளது. பின்னது 1823-இல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த யோசேப்பு நைட்டு என்பவரால் நல்லூரில் தொடங்கப்பெற்றுப் பின்னர் நகரின் கிழக்கே சுண்டிக்குளியில் நிலைபெற்றது. நகரப் பள்ளியும் புறநகர்ப் பள்ளியும் தம்முள் எதிர்நிற்கும் இவ்வமைப்பும் நோக்கத்தக்கதே. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் புனித பத்திரிசியார் கல்லூரியும் 1917-இல் இவ்வாறே ஒரு போட்டியைத் தொடங்கின. அது பொன் அணிகளின் போர் என வழங்குகின்றது.

இவை யாவும் கிறித்தவப் பள்ளிகள். சைவர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பது இயல்பாக எழும் வினா. ஆறுமுக நாவலர் மத்திய பாடசாலையிலேயே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர். 1848-இல் பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தை மறுத்த அவர், வகுப்பு முறை, அச்சிட்ட பாடநூல் முதலிய கல்வி முறைகளை மறுத்தாரல்லர். அவர்க்குப் பின் எழுந்த இந்துக் கல்லூரியும் பிற சைவப் பள்ளிகளும் இந்நெறியையே பின்பற்றித் துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் ஏற்றுக்கொண்டன. மாணவரைச் சில இல்லங்களாகப் பகுத்து, ஒவ்வோர் இல்லத்திற்கும் நிறமும் கொடியும் வகுத்து, ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடத்தும் வழக்கம் எல்லாச் சமயப் பள்ளிகளுக்கும் பொதுவாயிற்று. இல்லங்களை மரக்கிளையாலும் தோரணத்தாலும் அணிசெய்யும் முறையில் கோயில் விழாவின் சாயல் உண்டு. வந்த பொருளை வாங்கித் தம் வழக்கத்தால் ஒப்பனை செய்யும் இயல்பு இங்கு வெளிப்படுகின்றது.

5. சமர் என்னும் பெயர்

மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான போட்டியைத் தமிழில் வடக்கின் பெருஞ்சமர் என்பர். ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பே இது. எனினும் சமர் என்னும் சொல்லைத் தேர்ந்தமையால் ஒரு தமிழ்ப் பொருள் அதில் ஏறிக்கொண்டது. புறத்திணையுள் வஞ்சி, மண் கொள்ளும் விருப்பால் எழும் போர். தும்பை, வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு எதிர்வந்த வேந்தனை எதிர்த்துப் பொருவது. ஆடுகளத்துச் சமரில் கொள்ளும் நிலம் இல்லை. ஆற்றலை நாட்டுதலே குறிக்கோள். ஆதலின் அது தும்பையின் பாற்படும் எனல் பொருந்தும்.

ஆயினும் இஃது ஒப்புமையேயன்றி வரலாற்றுத் தொடர்ச்சியன்று. 1904-இல் களத்தில் இறங்கிய மாணவர் புறத்திணை இலக்கணத்தை எண்ணி இறங்கினாரல்லர். சங்க நூல்கள் அச்சேறிப் பரவத் தொடங்கியதே அக்காலத்தை அடுத்துத்தான். ஒப்புமையைத் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் ஆராய்ச்சிக்கு இழுக்காகும். அயலவர் ஆட்டத்தைத் தமக்கு உரியதாக்கிக்கொள்ளும்போது ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியின் பழைய கருவூலத்திலிருந்து எவ்வாறு சொல் எடுத்தது என்பதே இங்கு நாம் காணும் உண்மை.

6. களத்தில் நின்றவர் யார்?

மரபைப் போற்றுவார் எளிதில் மறந்துவிடும் வினா இது. துடுப்பாட்டத்திற்கு வெண்ணிற உடையும் மட்டையும் பொழுதும் வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கட்டணம் வேண்டும். ஆதலின் தொடக்கத்தில் களத்தில் நின்றவர் வசதியுடைய குடியினரே. சாதி வேற்றுமை இதனினும் கடிய தடையாக இருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் எல்லா மாணவரும் சமமாக அமரவேண்டும் என்னும் ஏற்பாட்டிற்கு 1929, 1930-ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனை ஆதரித்து நின்றோருள் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் குறிப்பிடத்தக்கவர். ஒரே பலகையில் அமர்தலே பூசலுக்கு உரியதாக இருந்த காலத்தில், ஒரே அணியில் நின்று பந்தைக் கைமாற்றுதல் எத்துணை அரிதாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

1945-இல் இலங்கையில் கட்டணமில்லாக் கல்வி வந்தது. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகள் பலவும் அரசுடைமையாயின. மத்திய கல்லூரி அரசின்பாற் சென்றது. பரியோவான் கல்லூரி தனித்து நின்றது. அதன்பின் நிகழ்ந்த சமர்கள், ஓர் அரசுப் பள்ளிக்கும் ஒரு திருச்சபைப் பள்ளிக்கும் இடையே நிகழ்வனவாயின. களத்தில் நிற்பாரின் குடிநிலை இச்சட்டங்களால் விரிந்தது என்பதில் ஐயமில்லை.

பெண்கள் நிலையும் தனித்து ஆராயத்தக்கது. உடுவில் மகளிர் பள்ளி 1824-இலும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896-இலும் தோன்றின. வலைப்பந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டியும் அங்கு வேரூன்றின. எனினும் பெருஞ்சமர் என்னும் பெயர் ஆடவர் ஆட்டத்திற்கே வழங்கி வந்துள்ளது. பெண்கள் பள்ளிப் போட்டிகளுக்கு அத்தகைய பெயரும் ஆரவாரமும் வாய்க்கவில்லை.

7. எதிர்வீரசிங்கம்

பள்ளிக் களம் ஒரு தனி மனிதனை எவ்வளவு உயர்த்தவல்லது என்பதற்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சான்றாவார். 1934-இல் பிறந்து, மத்திய கல்லூரியில் பயின்று உயரம் பாய்தலில் சிறந்த இவர், 1952-இல் எல்சிங்கியிலும் 1956-இல் மெல்போர்னிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் இலங்கையின் சார்பில் பங்கு கொண்டார். 1958-இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவே. 1962-இல் சகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

தோக்கியோ விழா 1958 மே 24 முதல் சூன் 1 வரை நிகழ்ந்தது. அதே கிழமையில் இலங்கையில் தமிழர்க்கு எதிரான வன்செயல் பரவியது. மே 27-ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு தமிழ் மாணவன் தன் பள்ளிக் களத்தில் கற்ற பாய்ச்சலால் நாட்டின் கொடியை உயர்த்திய அந்நாள்களில், அந்நாட்டில் அவன் இனத்தார் வீடுகளை விட்டு ஓடினர். விளையாட்டு இனங்களை ஒன்றாக்கும் என்று விழா மேடைகளில் கூறும் உரைகளை இச்செய்தியோடு வைத்து எண்ணுதல் வேண்டும். களம் ஒற்றுமைக்கு வழிகாட்டலாம். நாட்டின் நீதியை அது தானே உண்டாக்க இயலாது. எதிர்வீரசிங்கம் பின்னர் அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுக் கல்வித் துறையில் தொண்டாற்றி, 2024-ஆம் ஆண்டு ஏப்பிரலில் மறைந்தார்.

8. போரின் நடுவே

1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அந்நூலகத்திற்கு அருகிலேயே மத்திய கல்லூரி உள்ளது. கோட்டையை ஒட்டிய நிலமாதலின், பின்வந்த போரில் அக்கல்லூரி பெருஞ்சேதம் உற்றது. 1995-இல் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். போர்க்காலத்துள் சில ஆண்டுகள் பெருஞ்சமர் நடைபெறவில்லை. ஆயினும் வழக்கம் அறவே அற்றுப்போகவில்லை. சூழ்நிலை இடந்தந்தபோதெல்லாம் மாணவர் மீண்டும் களமிறங்கினர். உண்மைச் சமர் நிகழும் நிலத்தில் விளையாட்டுச் சமரை விடாது பேணியது, வாழ்க்கை இன்னும் நிலைகுலையவில்லை என்று ஊர் தனக்குத்தானே கூறிக்கொண்ட சான்றாகும். கடல்கடந்து குடியேறிய பழைய மாணவர் இலண்டனிலும் தொரந்தோவிலும் சங்கங்கள் அமைத்துப் பள்ளியோடு உறவு கொண்டாடுவதும் இம்மரபின் வலிமையைக் காட்டும். மத்திய கல்லூரியில் பயின்ற விசயகாந்து வியாசுகாந்து 2020-இல் இலங்கைப் பிரிமியர் போட்டியிலும் 2024-இல் இந்தியப் பிரிமியர் போட்டியில் ஐதராபாத் அணியிலும் ஆடியமை அண்மைக்கால விளைவு.

9. இரு கரைச் சொற்கள்

மொழி ஆராய்வார்க்கு இம்மரபு அளிக்கும் செல்வம் சொல்லாக்கமே. தமிழகத்தில் கிரிக்கெட் என்னும் அயற்சொல்லே பெருவழக்கு. ஈழத்தில் துடுப்பாட்டம் என்பர். மட்டையின் வடிவு படகின் துடுப்பை ஒத்திருத்தல் காரணம் என்பது வெளிப்படை. கடல் சூழ்ந்த நிலத்தார்க்கு அவ்வுவமை தோன்றியது இயல்பே. தமிழகத்துக் கால்பந்து அங்கு உதைபந்தாட்டம்; இங்குக் கைப்பந்து எனப்படுவது அங்குக் கரப்பந்தாட்டம். ஓட்டம் என்னும் சொல் துடுப்பாட்டக் கணக்கில் இரு கரைக்கும் பொது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, ஓட்டம், பாய்ச்சல், எறிதல் முதலியவற்றைத் தொகுத்துக் கூறும் சொல். தமிழகத்தார் தடகளம் என்பர். தடமும் களமும் இணைந்த அச்சொல், ஆட்டம் நிகழும் இடத்தைச் சுட்டுகின்றது. ஈழத்தார் மெய்வல்லுநர் போட்டி என்பர். மெய்யில் வல்லவர் என்னும் அச்சொல், ஆடும் மனிதரைச் சுட்டுகின்றது. ஒரு பொருளுக்கு ஒரு மொழியின் இரு வழக்குகள், இடத்தை நோக்கியும் ஆளை நோக்கியும் பெயரிட்டமை அறிந்து மகிழத்தக்கது. பேரகராதித் தொகுப்பில் இவ்விரு வழக்கும் நாட்டுக்குறிப்போடு இடம்பெறுதல் வேண்டும்.

10. மீண்டும் மதுரை

தமிழகத்தில் பள்ளி விளையாட்டிற்குப் பயின்ற ஆசிரியரை அளித்த பெருமை, 1920-இல் ஆரி குரோ பக்கு என்பார் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரிக்கு உரியது. அங்குப் பயின்றோர் பள்ளிதோறும் சென்று, வெறும் அணிவகுப்பாக இருந்ததை விளையாட்டாக மாற்றினர். நாட்டு விளையாட்டுகளுள் சடுகுடு ஒன்றே விதி வகுக்கப்பெற்றுப் பள்ளிக் களத்திற்குள் உறுதியாக நுழைந்தது. கபடி என்னும் பெயரோடு 1990-இல் பெய்சிங்கு ஆசிய விழாவிலும் இடம்பெற்றது. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் அத்தகைய பேறு பெறாமல் தெருவோடு நின்றுவிட்டன. தெரு மறைந்து வண்டி வழியாகும்போது அவையும் மறைகின்றன.

இன்று மதுரைப் பகுதியிலிருந்து எழுந்துள்ள வெற்றிகள், செல்வர் பள்ளிகளிலிருந்து வந்தன அல்ல. நகரை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதி, பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பெற்றவர். தொடக்கத்தில் காலணியின்றி ஓடியவர். அவர் பயின்ற டோக் பெருமாட்டி கல்லூரி, 1948-இல் கேட்டி வில்காக்சு அம்மையாரால் நிறுவப்பெற்றது. முற்கூறிய மதுரைத் திருச்சபையின் வழிவந்த நிலையமே அதுவும். 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவின் சார்பில் அவர் ஓடினார். மதுரை மாநகராட்சிப் பள்ளியில் பயின்ற செர்லின் அனிகா, 2022-இல் பிரேசில் நாட்டில் நடைபெற்ற செவித்திறன் குறைந்தோர்க்கான ஒலிம்பிக் விழாவில் பூப்பந்தாட்டத்தில் மூன்று பொற்பதக்கம் பெற்று, அவ்வாண்டிற்கான அருச்சுனா விருதும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் அரைநூற்றாண்டிற்கு மேல் பெருஞ்சமரில் இடம்பெறாதிருந்த வகையினரே, மதுரையில் இன்று முன்னணியில் நிற்கின்றனர் என்பது இவற்றால் தெளிவாகும்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பள்ளி விளையாட்டு முறை அயலிலிருந்து வந்தது என்பதும், தமிழர் அதனைச் சொல்லாலும் வழக்கத்தாலும் தமதாக்கினர் என்பதும், அதன் வாயில் எல்லார்க்கும் ஒருங்கே திறந்திருக்கவில்லை, சட்டத்தாலும் போராட்டத்தாலுமே சிறிது சிறிதாகத் திறந்தது என்பதும் பெறப்பட்டன.

ஒரு வேண்டுகோளோடு அமைகின்றோம். யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் தம் ஆண்டு மலர்களையும் ஆட்டக் கணக்குகளையும் போரினிடையேயும் இயன்றவரை பேணின. பேரழிவு ஏதும் நேராத மதுரைப் பகுதியில் அத்தகைய ஏடுகளைத் தேடித் தொகுக்கும் முயற்சி மாணவர் கைக்கு இன்னும் வந்திலது. காளவாசல், பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம் எனத் தொடரும் இப்புறநகரில் வீடுகள் நெருங்கி வருகின்றன. வெட்டவெளி சுருங்கி வருகின்றது. பழைய உடற்கல்வி ஆசிரியர்களும் முதுமையடைந்து வருகின்றனர். பள்ளிப் பதிவேடுகள், விளையாட்டு விழா நிகழ்ச்சித் தாள்கள், அணிப் படங்கள், அவ்வாசிரியர்தம் நினைவுரைகள் ஆகியவற்றை முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பள்ளிக்கு ஒருவராக ஏற்றுத் தொகுப்பின், சில ஆண்டுகளில் மதுரைக்கும் ஒரு முழு வரலாறு எழுதக்கூடும். அப்பணி இத்துறையிலேயே தொடங்கப்பெறுதல் வேண்டும் என விழைகின்றோம்.